மேலிருந்து பிடித்த வில்

ஒதில் மோர்வான் வெர்னிட்ஸ் நகர நாடக அரங்கின் இசைக்குழுவில் டபுள் பேஸ் என்னும் ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிக்கச் சேர்ந்தபோது அவளுக்கு வயது நாற்பத்துநான்கு. அந்த வயதில் ஜெர்மனியில் யாரும் நிரந்தர இடத்துக்குத் தேர்வு வாசிக்க வருவதில்லை. வந்தாலும் முதல் சுற்றைத் தாண்டுவது அபூர்வம்.

அவள் பிறந்தது பிரான்ஸின் மேற்குக் கரையில், லோரியாங் துறைமுகத்தில். அப்பா மீன் ஏலக் கூடத்தில் பெட்டி தூக்கினார். பத்து வயதிலேயே அவள் அப்பாவின் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டதால், நகராட்சி இசைப்பள்ளியில் வேறு யாருக்கும் எட்டாமல் மூலையில் சாய்ந்து கிடந்த பேஸை அவளிடம் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு வாழ்க்கை முழுவதும் மற்றவர்களுக்குக் காய்ச்சல் வரும் நாட்களில் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தாள். விடுமுறைக்கு லோரியாங் வந்து, மீன் சந்தைக்கு வழி கேட்ட ஹென்னிங் என்ற டிராம் ஓட்டுநரை மணந்துகொண்டு, அவன் ஊரான வெர்னிட்ஸுக்கு வந்தாள். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் நாடக அரங்கில் பேஸ் இடம் ஒன்று காலியானது.

தேர்வில் மேடைக்குக் குறுக்கே திரை கட்டியிருந்தார்கள். வாசிப்பவர் ஆணா பெண்ணா, கிழவரா இளைஞரா என்று தெரியக் கூடாது என்பதற்காகக் காலணியின் குதிச் சத்தம்கூடக் கேட்காதபடி தரையில் கம்பளம். இசைக்குழு முழுவதும் அரங்கில் உட்கார்ந்து காதால் மட்டும் கேட்டது. மூன்று சுற்றுகளின் முடிவில் ஒரே ஆள் மிஞ்சினார். கைதட்டலோடு திரையை இழுத்தார்கள்.

கைதட்டல் பாதியில் நின்றது. பின் வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்.

ஒதில் வில்லை மேலிருந்து பிடித்திருந்தாள்.

பேஸ் வாசிப்பவர்களுக்கு உலகத்தில் இரண்டு வில் உண்டு. ஒன்றை வயலின்காரர் பிடிப்பதுபோல் மேலிருந்து கவிழ்த்துப் பிடிப்பார்கள். அது பிரெஞ்சு வில். இன்னொன்றில் கை பிடிக்கும் அடிக்கட்டை உயரமானது. அதைக் கைகுலுக்க நீட்டிய கையைப்போல் பக்கவாட்டில் பிடித்து, கட்டைவிரலைக் குச்சியின்மேல் வைப்பார்கள். அது ஜெர்மன் வில். வெர்னிட்ஸில் அரங்கு கட்டிய நாளிலிருந்து பேஸ் வரிசையில் வேறு வில் நுழைந்ததில்லை. அறிவிப்பில் எந்த வில் என்று போடவில்லை. உப்பு வெள்ளையாக இருக்க வேண்டும் என்று எந்தக் கடையிலும் எழுதி ஒட்டுவதில்லை, அதுபோல.

பேஸ் வரிசையின் தலைவர் கெரோல்ட் லாம்பே மேடையேறி வந்து அவள் கையை, வில்லோடு சேர்த்து, கொஞ்ச நேரம் பார்த்தார். உலர்ந்த முகம், நரைத்த புருவம், எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை.

"மேடம், உங்களை எடுத்தது எங்க காது. அதை இல்லைன்னு சொல்ல முடியாது," என்றார். "ஆனா நாங்க நாலு பேரும் ஒரே மாதிரி கை அசைக்கிறவங்க. ஒருத்தர் மட்டும் மாவு தேய்க்கிற கட்டையை அமுக்கற மாதிரி மேலேர்ந்து அமுக்கினா, சத்தமும் ஒட்டாது, பார்வைக்கும் ஒட்டாது."

"நாம மட்டும் என்னவாம்? விறகு அறுக்கற மாதிரிதானே இருக்கோம்," என்றாள் பக்கத்தில் நின்ற ரோஸ்வித்தா. இரண்டாவது வரிசையில் ஒதிலின் பக்கத்து நாற்காலிக்காரி ஆகப்போகிறவள். அகலமான தோள், அடங்காத வாய்.

கெரோல்ட் திரும்பவில்லை. "ஒரு வருஷம் சோதனைக் காலம். அதுக்குள்ள வில்லை மாத்திக்கிட்டீங்கன்னா என் ஓட்டு உங்களுக்கு."

சோதனை வருட முடிவில் முதலில் பேஸ் வரிசையும், பிறகு மொத்தக் குழுவும் ஓட்டுப் போடும். ஜெயித்தால் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலி அவளுடையது. தோற்றால் மறுபடி காய்ச்சல்காரர்களின் நாற்காலி; அதுவும் அந்த வயதில் எத்தனை பேர் கூப்பிடுவார்கள்? ஒதில் சரி என்றாள். சரி என்று சொல்லும்போது அது என்ன பெரிய காரியம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வாத்தியம் அதே, தந்தி அதே, இடக்கை அதே.

புது வில்லை வாங்கி வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. மேலிருந்து பிடித்தால் கையின் கனம் தானாகத் தந்தியில் இறங்கும். அவள் வாசிப்பு முழுவதும் அந்த இறக்கத்தில் இருந்தது. பக்கவாட்டில் பிடித்தால் கனம் எங்கும் இறங்கவில்லை. முழங்கைக்குக் கீழே வேறு யாருடைய கையோ தொங்குவதுபோல் இருந்தது. ஒவ்வோர் இழுப்பின் தொடக்கத்திலும் ஒரு சீழ்க்கை. வேகமான இடங்களில் ஸ்வரங்கள் தோலுரித்த பட்டாணிபோல் சிதறின. அடிக்கட்டைக்குக் கீழே தாங்கி நிற்க வேண்டிய சுண்டுவிரல் இரவுச் சாப்பாட்டின்போது கரண்டி பிடிக்க மறுத்தது.

ஒத்திகையில் வில் கையிலிருந்து நழுவி விழுந்தது. அதுவும் புல்லாங்குழல் மட்டும் தனியாக ஒலிக்கும் இடத்தில். வில்லைக் கீழே போட்டவர் மறுநாள் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும் என்பது அந்தக் குழுவின் பழக்கம்.

"பிளம்ஸ் பழ கேக், மேலே வெண்ணெய்த் தூவல். மறந்துராதே," என்று ரோஸ்வித்தா காதோரம் சொன்னாள்.

இரண்டாம் முறை விழுந்தபோது, "உன் புருஷன்கிட்ட சொல்லு, டிராமை பேக்கரி வழியா விடட்டும்," என்றாள். மூன்றாம் முறை கொம்பு வாசிப்பவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதற்கடுத்த முறை யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒதில் அன்றுதான் பயந்தாள்.

வீட்டில் ஹென்னிங் சூப்பைக் கிண்டிக்கொண்டே, சமையலறையில் அவள் ஒரே இழுப்பை மறுபடி மறுபடி இழுப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

"புது டிராம் வந்தப்போ பிரேக்கைக் காலுலேர்ந்து கைக்கு மாத்தினாங்க," என்றான் ஒருநாள். "எனக்கு மாசக்கணக்கா கால் தானா தரையை உதைக்கும். பக்கத்துல நிக்கறவங்க எனக்கு வலிப்புன்னு நினைச்சாங்க."

"அப்புறம் எப்படிப் போச்சு?"

"போகல. இப்பவும் உதைக்குது. ஆனா வண்டி நிக்குதுல்ல?"

"என் வண்டி நிக்கலையே, ஹென்னிங். கத்துது."

அவன் சிரிக்காமல் அவள் சுண்டுவிரலை வாங்கி வெந்நீர்த் துணியால் சுற்றினான்.

பழைய வில்லை அவள் முழுவதுமாக விடவில்லை. மேடைக்கு முன்னால் இசைக்குழு உட்காரும் குழியில், கூட்டம் வருவதற்கு முன், யாரும் இல்லாத நேரத்தில், அதை எடுத்துக் கொஞ்சம் வாசிப்பாள். வெயிலில் அலைந்து வந்தவர் முகம் கழுவுவதுபோல. பிறகு அதைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுப் புது வில்லை எடுத்துக்கொள்வாள். இது விதிமீறல் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் காலடிச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவாள்.

வசந்தத்தில் ஒரு புதிய ஓபரா தொடங்கியது. அதன் மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் அடங்க, பேஸ்கள் மட்டும் தனியாக ஒரு நீண்ட மெட்டை ஏற்றிச் செல்லும் இடம் ஒன்று உண்டு. பேஸ்காரர்கள் வருடக்கணக்காகக் காத்திருக்கும் மாதிரியான இடம். அதற்கு முன்பு இரண்டு பக்கம் விரலால் தந்தியைச் சுண்ட வேண்டும். அந்த நேரத்தில் வில்லை, வாத்தியத்தின் அடியில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் தோல் தூணிக்குள் செருகிவிடுவார்கள். சுண்டி முடித்த கை ஒரே மூச்சில் தூணிக்குப் போய் வில்லோடு திரும்ப வேண்டும்.

மூன்றாவது காட்சி நாளன்று கூட்டம் சீக்கிரம் உள்ளே விடப்பட்டுவிட்டது. ஒதில் பழைய வில்லோடு குழியில் இருந்தாள். மேலே பேச்சுக்குரல்கள் கேட்டதும் பெட்டிவரை போக நேரமில்லாமல் அதைத் தூணிக்குள் திணித்தாள். 

மூன்றாம் அங்கம். புது வில்லையும் அதே தூணிக்குள் செருகிவிட்டுச் சுண்டி முடித்தாள். கை தூணிக்குப் போயிற்று. விரல்கள் தாழ்ந்த, பழக்கமான கட்டையைத் தொட்டபோதே தெரிந்தது. திரும்ப வைக்க நேரமில்லை. இசைக்குழு நடத்துநரின் கை இறங்கிவிட்டது.

அவள் வாசித்தாள். எட்டு மாதமாகத் தோளில் தேங்கிக் கிடந்த கனமெல்லாம் தந்தியில் இறங்கியது. மெட்டு ஏற ஏற, பக்கத்து நான்கு பேஸ்களும் அவள் சத்தத்துக்குள் வந்து உட்கார்ந்தன. நடத்துநர் ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கெரோல்ட் முன் வரிசையில் இருந்தார். அவருக்கு அவள் கை தெரியாது. குழியில் இசைத்தாளுக்கு மேல் எரியும் சிறு விளக்கு மட்டும்தான் வெளிச்சம். தெரிந்தவள் ரோஸ்வித்தா ஒருத்திதான். அவள் தாளை விட்டுக் கண்ணெடுக்காமல், உதட்டின் ஓரத்தால், "அடிப்பாவி," என்றாள்.

காட்சி முடிந்ததும் நடைவழியில் வாத்தியப் பெட்டிகளுக்கு நடுவே கெரோல்ட் ஒதிலைத் தேடி வந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை.

"மேடம், இன்னைக்கு வந்துட்டீங்க. இதைத்தான் நான் சொன்னேன். அந்த அடிச்சத்தம், அந்த அகலம், அது ஜெர்மன் வில்லுக்குத்தான் வரும். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன், எது நீங்க, எது நான்னு தெரியல." அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த இடத்தில் ஒதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கான வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எட்டு மாதத்தில் அந்த மனிதர் அவளைப் பார்த்துச் சிரிப்பது இதுதான் முதல் தடவை.

"நன்றி, லாம்பே சார்," என்றாள்.

அந்த நன்றிதான் பிடித்துக்கொண்டது. அடுத்த காட்சியில் அவர் அந்த மெட்டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புது வில்லால் வாசித்தால் கேட்பார். ஒதில் வேண்டுமென்றே பழைய வில்லைத் தூணிக்குள் வைத்தாள்.

"முதல் தடவை கை தவறிப்போச்சு, சரி," என்றாள் ரோஸ்வித்தா, இடைவேளையில் காபிக்கு வரிசையில் நின்றபடி. "இன்னைக்கும் தவறிடுச்சா?"

"ஓட்டு முடியட்டும் ரோஸ்வித்தா. அதுக்குள்ள புதுசு கைக்கு வந்துரும்."

"வரலேன்னா? கெழவர் ஆர்க்கெஸ்ட்ரா கமிட்டிகிட்ட போய், மோர்வான் மாதிரி இந்த நாட்டுலயே ஆளில்லைன்னு அளந்துட்டு வந்திருக்காரு. அவரு அப்படி எவனையும் சொல்லமாட்டாருடி. என்னையே இருபது வருஷமா, 'பரவாயில்ல'ங்கறாரு."

"நீ சொல்லிடப்போறியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? எனக்கு உன் பக்கத்துல உட்கார்ந்தா நல்லாத்தான் கேக்குது." காபியை வாங்கிக்கொண்டு திரும்பியவள் சொன்னாள்: "ஆனா என்னைச் சாட்சிக்கும் கூப்பிடாதே."

அந்த வாரங்களில் ஒதில் சரியாகத் தூங்கவில்லை. பகலில் சமையலறையில் புது வில்லோடு போராடினாள். அது கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்துகொண்டும் இருந்தது. சீழ்க்கை குறைந்தது, வில் விழுவது நின்றது. ஆனால் அது சுமாரான வாசிப்பு. கெரோல்ட் கேட்டது வேறு வாசிப்பு.

ஓட்டெடுப்புக்கு முந்தைய வாரம் மேடைக் கச்சேரிக்கான ஒத்திகை தொடங்கியது. உள்ளே வந்த ஒதிலிடம் கெரோல்ட் முன் வரிசையில் தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

"இங்க உட்காருங்க மேடம். இந்தக் கச்சேரிக்கு மட்டும். எல்லாரும் பார்க்கட்டும்."

அது அந்த வரிசையில் யாருக்கும் எளிதில் கிடைக்காத மரியாதை. மேடை முழுக்கப் பளிச்சென்ற வெளிச்சம். ஒதில் ஒருமுறை ரோஸ்வித்தாவைத் திரும்பிப் பார்த்தாள். ரோஸ்வித்தா தன் வில்லுக்கு ரோசின் பிசின் தேய்ப்பதில் மும்முரமாக இருந்தாள்.

ஒதில் புது வில்லை எடுத்து வாசித்தாள். தவறு ஒன்றும் நேரவில்லை. தாளம் பிசகவில்லை, ஸ்வரம் கெடவில்லை. முதல் பகுதி முடிவதற்குள் கெரோல்ட் அவள் பக்கம் தலையைச் சாய்த்தார். இரண்டாம் பகுதியில் தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் கையைப் பார்த்தார். நாற்பது வருடம் பேஸ் கேட்ட காது அது. அதற்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

இடைவேளையில் மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்தார்.

"குழியில எந்த வில்?"

"பழசு."

"எல்லா நாளுமா?"

"முதல் நாள் கை மாறி வந்துருச்சு. அப்புறம் நானாத்தான் எடுத்தேன்." அவள் புது வில்லைத் தூணிக்குள் செருகினாள்.  "அன்னைக்கே சொல்லியிருக்கணும். நீங்க கையைக் குலுக்கினீங்க. வாய் வரல."

கெரோல்ட் தன் வில்லின் திருகை முழுக்கத் தளர்த்தினார், மறுபடி இறுக்கினார்.

"கமிட்டிகிட்ட என்ன சொல்லியிருக்கேன் தெரியுமா? இந்த அரங்கத்துல ஜெர்மன் வில்லுக்கு இவங்கதான் உதாரணம்னு சொல்லியிருக்கேன். இப்ப போய் என்ன சொல்றது, எனக்குக் காது கேக்காதுன்னா?"

"நானே போய்ச் சொல்றேன் சார்."

"நீங்க போனா நான் போன மாதிரிதான்." எழுந்தார். "யாரும் எதுவும் சொல்ல வேணாம். என் ஓட்டு உங்களுக்கு, வாக்கு கொடுத்தாச்சு. ஆனா அந்த வில்லு இனிமே இந்தக் கட்டடத்துக்குள்ள வரக் கூடாது. பழகறதுக்கும் கூடாது."

ஒதில் தலையாட்டினாள். அவர் இரண்டடி போனதும் அவளால் அடக்க முடியவில்லை.

"சார், அன்னைக்குக் கேட்டது நல்லா இருந்துச்சா, இல்லையா?"

"நல்லா இருந்துச்சு. ஜெர்மன் வில்லுன்னு நினைச்சேன்."

"வில்லைப் பத்திக் கேக்கல. சத்தத்தைக் கேக்கறேன்."

கெரோல்ட் நின்றார். கழுத்து சிவந்தது.  பிறகு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

ஓட்டெடுப்பில் ஒதில் பெரும்பான்மையோடு ஜெயித்தாள். பேஸ் வரிசையில் எதிர் ஓட்டு ஒன்றுகூட இல்லை. சிற்றுண்டிச்சாலையில் உருளைக்கிழங்கு சாலடும் சூடான சாசேஜும் வைத்து, நுரைக்கும் ஒயின் பாட்டில்களைத் திறந்தார்கள். ஹென்னிங் சீருடையோடே வந்து எல்லோரிடமும் கைகுலுக்கினான். சோதனைக் காலம் முடிந்தவரிடம் வரிசைத் தலைவர் கோப்பையோடு வந்து, இனி 'நீங்க' வேண்டாம், 'நீ' என்றே பேசிக்கொள்வோம் என்று சொல்வது அங்கே வழக்கம். எல்லோரும் பார்த்திருக்க கெரோல்ட் கோப்பையோடு வந்தார்.

"வாழ்த்துகள், மேடம். நல்லபடியா வாசிங்க," என்றார். குடித்துவிட்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

"கெழவருக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு செல்லோக்காரர் கேட்டார்.

"வயிறு சரியில்ல," என்றாள் ரோஸ்வித்தா. ஒதிலின் தட்டில் இன்னொரு சாசேஜை வைத்து, "நீ தின்னு. நின்னுக்கிட்டே அழாதே, ஒயின் உப்பாயிரும்," என்றாள்.

இலையுதிர்காலத்தில் அதே ஓபரா மறுபடி மேடையேறியது. அதற்குள் புது வில் ஒதிலின் கைக்கு வந்திருந்தது, வந்த அளவுக்கு. மூன்றாம் அங்கத்து மெட்டை வாசித்தாள். ஒழுங்காக இருந்தது. ஐந்து கைகளும் ஒன்றுபோல் அசைந்தன. நடத்துநர் அந்தப் பக்கம் திரும்பவில்லை; திரும்ப ஒரு காரணமும் இல்லை. கெரோல்ட் அவளைத் திருத்தவும் இல்லை, பாராட்டவும் இல்லை. வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசினார். ரோஸ்வித்தாவுக்குக் கிடைக்கும் அந்தப் 'பரவாயில்ல' கூட ஒதிலுக்குக் கிடைக்கவில்லை. ஓய்வு பெறும்வரை தனக்கென்று இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சோதனைக் காலத்தைவிட அதிகமாகக் கூசினாள்.

ஒருநாள் காட்சிக்கு முன் நடைவழியில் அவள் மட்டும் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். கெரோல்ட் அந்தப் பக்கமாக வந்தார். தாண்டிப் போனவர், திரும்பாமலே நின்றார்.

"அந்த வில் எங்க?"

"வீட்டுல இருக்கு சார். நான் கொண்டு வர்றதில்ல."

"கொண்டு வர்றீங்கன்னு சொல்லல." பெட்டியின் விளிம்பில் இருந்த தூசியை விரலால் துடைத்தார். "எடுத்து வாசிக்கறீங்களா, வீட்டுல?"

"எப்பவாவது. முன்ன மாதிரி வரல. கை ரெண்டுங்கெட்டானா ஆயிடுச்சு."

அவர் முகத்தில் ஏதோ ஓடியது. அது வருத்தமா வேறு ஏதாவதா என்று ஒதிலால் சொல்ல முடியவில்லை.

"தினம் வாசிங்க," என்றார் தாழ்ந்த குரலில். "விட்டுராதீங்க."

உள்ளே மணி அடித்தது. அவர் சட்டைக் கைகளைச் சரிசெய்துகொண்டு குழிக்குள் இறங்கினார். ஒதில் ஜெர்மன் வில்லின் திருகை இறுக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் இறங்கினாள்.